தலையசைப்பு

அதிகாரத்தில் இருப்பவர்கள் மீது ஊழல் குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் முதலில் பிறக்கிற வாக்கியம் ஒன்று உண்டு. தேசம் எதுவானாலும் கட்சி எதுவானாலும் அது மட்டும் மாறுவதில்லை. "எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்பதே அந்த வாக்கியம். "நான் எடுக்கவில்லை" என்று சொல்வதற்காவது கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கலாம், கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம், பொய் என்றால் பிடிபட்டுவிடும். தெரியாது என்பதை எப்படிச் சோதிப்பது? ஒரு மனிதனின் மண்டையைத் திறந்தா பார்க்க முடியும்?

நான் கதை எழுதுகிறவன். கதைக்குள் யார் மனத்திலும் புகுந்து பார்க்க எனக்கு உரிமை உண்டு. வாழ்க்கையில் அந்த உரிமை கிடையாது. ஆகையால் தெரியாது என்கிறவர் பொய் சொல்கிறார் என்று வாதிட நான் வரவில்லை. அவர் சொல்வது மெய்யென்றே வைத்துக்கொள்வோம். மெய்யாகவே அவருக்குத் தெரியாது. அப்படியானால் அவர் குற்றமற்றவரா? என் மனத்தை அரிக்கிற கேள்வி இதுதான்.

இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முந்த்ரா விவகாரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் எத்தனையோ ஊழல்கள் வந்துவிட்டன. தொகையை வைத்துப் பார்த்தால் அது இன்று ஒரு பொருட்டே இல்லை. சுமார் 1.25 கோடி ரூபாய். இன்றைக்கு ஒரு நகரசபைக் குத்தகையில் கூட அதைவிடப் பெரிய தொகை காணாமல் போகிறது. ஆனால் அதிகாரம் எப்படி வழி தவறுகிறது என்பதை அவ்வளவு துலக்கமாகக் காட்டிய சம்பவம் வேறொன்றை நான் அறியேன்.

ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன் 1956-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி பிறந்தது. தனியார் கையிலிருந்த 245 ஸ்தாபனங்களை ஒன்றாகச் சேர்த்து சர்க்கார் உண்டாக்கியது அது. ஏன் சேர்த்தார்கள்? தனியார் முதலாளிகள் பாலிஸிதாரர்களின் பணத்தைத் தங்கள் சொந்தச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். அப்படிச் சூதாடியவர்களில் ஒருவரை லோக்சபையில் அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. பிரதம மந்திரி நேருவின் மருமகன், காங்கிரஸ்காரர். மாமனாரின் சர்க்காரைக் கேள்வி கேட்பதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

கார்ப்பரேஷன் பிறந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்கிற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிப் பங்குகளைக் கார்ப்பரேஷன் வாங்கியது. ஜெஸ்ஸப், ரிச்சர்ட்ஸன் கிரட்டாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் போன்ற பழைய பெயர்கள்தாம். வெள்ளைக்காரன் விட்டுப் போன கம்பெனிகள். ஆனால் முந்த்ராவோ அப்போது கழுத்துவரை கடனில் நின்றவர். அவருடைய பங்குகளை யாரும் சீந்தாத சமயத்தில், சிலவற்றுக்குச் சந்தை விலைக்கு மேலேயே கொடுத்துக் கார்ப்பரேஷன் வாங்கியது. முதலீடுகளைப் பற்றி யோசனை சொல்வதற்கென்றே கார்ப்பரேஷனில் ஒரு கமிட்டி இருந்தது. அதைக் கூட்டிக் கேட்கவில்லை. முந்த்ராவோடு பேரம் பேசியவர் கார்ப்பரேஷன் அதிகாரி கூட இல்லை. நிதி இலாகாவின் முதன்மைக் காரியதரிசி எச்.எம். பட்டேல், ஐ.சி.எஸ். அவருக்கு மேலே நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர்.

லோக்சபையில் முதலில் கேள்வி வந்தபோது கிடைத்த பதில் மழுப்பலாக இருந்தது. டிசம்பரில் பெரோஸ் காந்தி எழுந்து நின்று, தேதி தேதியாக, கம்பெனி கம்பெனியாகக் கணக்கை விரித்து வைத்தார். அதற்குமேல் மூடி வைக்க இயலவில்லை. 1958 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாக நியமித்தார்கள். விசாரணை பம்பாயில் பகிரங்கமாக நடந்தது. உள்ளே இடமில்லாமல் வெளியே நின்ற ஜனங்களுக்காக ஒலிபெருக்கி வைத்தார் சாக்ளா. நினைத்துப் பாருங்கள்: மந்திரியும் காரியதரிசியும் சாட்சிக் கூண்டில் நிற்க, தெருவில் போகிறவன் நின்று கேட்டுவிட்டுப் போகிறான். பிப்ரவரியில் அறிக்கை தயாராகிவிட்டது. இன்றைக்குக் கமிஷன்கள் வருஷக்கணக்கில் வாய்தா வாங்குவதைப் பார்க்கிறவர்களுக்கு இது புராணக்கதை போலத் தோன்றும்.

அந்தக் கூண்டில் நின்று இருவரும் சொன்னதுதான் நம் விஷயம். காரியதரிசி சொன்னார், மந்திரியின் சம்மதத்தோடுதான் செய்தேன் என்று. மந்திரி சொன்னார், நான் சம்மதம் தரவில்லை என்று. இருவருக்கும் இடையே காகிதம் ஒன்றும் இல்லை. அந்த ஜூன் மாதத்தில் பேச்சு நடந்திருக்கிறது. முந்த்ராவின் பெயர் அதில் அடிபட்டிருக்கிறது. கல்கத்தா பங்குச் சந்தை சரிந்து கிடப்பதைப் பற்றிக் கவலை தெரிவிக்கப்பட்டிருக்கிறது. சந்தையைத் தூக்கி நிறுத்தத்தான் பங்கு வாங்கினோம் என்று பின்னால் ஒரு காரணமும் சொன்னார்கள். சாக்ளா அதை ஏற்கவில்லை. ஆனால் "வாங்கு" என்று யார் சொன்னார்கள்? யாரும் எழுதவில்லை.

இருவரில் ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டுவது சுலபம். எனக்கென்னவோ இருவருமே தாம் நம்பியதைத்தான் சொல்லியிருக்கக் கூடும் என்று தோன்றுகிறது. ஒருவர் தலையசைக்கிறார், அது "கேட்டுக்கொண்டேன்" என்பதற்கான அசைவு. எதிரே இருப்பவர் அதை "சரி, செய்" என்று எடுத்துக்கொள்கிறார். சாதாரண மனிதர்களுக்குள் இப்படி நேர்ந்தால் ஒரு வேஷ்டி தப்பான கடையில் வாங்கப்படும், அவ்வளவுதான். நிதி மந்திரியின் தலை அசைந்தால் லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அசைகிறது.

சர்க்கார் ஆபீஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தலையசைப்பின் மகிமை தெரியும். வாலிபத்தில் நானும் சில காலம் ஓர் ஆபீஸில் எழுதுகோல் பிடித்தேன். அங்கே ஃபைல் மேலே போய்த் திரும்பும்போது ஓரத்தில் பெரும்பாலும் ஒரே வார்த்தை எழுதியிருக்கும்: "பேசுக". இது ஏதோ அன்பான அழைப்பு என்று முதலில் எண்ணியிருந்தேன். எங்கள் ஹெட் கிளார்க் ஒரு நாள் விளக்கினார். "தம்பி, 'பேசுக'ன்னா என்ன அர்த்தம் தெரியுமா? எழுதக்கூடாத விஷயம்னு அர்த்தம். இவர் போய்ப் பேசுவார். அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். இவர் வந்து, பெரியவரோட விவாதிச்சபடின்னு நோட்டுப் போட்டுக் கையெழுத்தும் போடுவார். நாளைக்கு ஆடிட்டர் வந்தா, கையெழுத்துப் போட்டவன்தானே நிக்கணும்?" அவர் சொன்னதில் கசப்பே இல்லை. மழைக்குக் குடை எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி சொன்னார். முப்பது வருஷ சர்வீஸ்.

அன்று முதல் எனக்கு ஒன்று விளங்கிற்று. கீழே இருப்பவனுக்குத் தெரியாமை என்பது வெறும் இல்லாமை. மேலே இருப்பவருக்கோ அது ஓர் ஏற்பாடு. அவருக்கு எது தெரியவேண்டும், எது தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சுற்றி நிற்பவர்கள் நடத்துகிறார்கள். அவரும் அந்த ஏற்பாட்டுக்குள் சௌகரியமாக இருக்கிறார். கேட்டால் தெரிந்துவிடும், ஆகையால் கேட்பதில்லை. ஒரு குமாஸ்தா "எனக்குத் தெரியாது" என்றால் அவனுக்கு அந்தத் தகவல் கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு மந்திரி அதையே சொன்னால், மணியடித்துக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் மேஜைக்கு வந்திருக்கக் கூடிய தகவலை அவர் கூப்பிடவில்லை என்று பொருள். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தை நினைக்காமல் தமிழனால் இருக்க முடியாது. மேடைகளில் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள் என்பது வாஸ்தவம். பாண்டியன் நீதி தவறியதும், உண்மை தெரிந்தவுடன் உயிர் விட்டதுமாகிய அந்த உச்சக்கட்டத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய பகுதி. ராணி ஊடிக்கொண்டு போய்விட்டாள். ராஜா அவளைத் தேடி அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வாசலில் பொற்கொல்லன் வழிமறித்துச் சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்கிறான். ராஜாவின் மனம் எங்கோ இருக்கிறது. போகிற போக்கில் காவலர்களைக் கூப்பிட்டு ஓர் உத்தரவு. நின்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதையே இல்லை.

காவலர்கள் போகிறார்கள். கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். இளங்கோவடிகள் அந்தத் தயக்கத்தை அவசரமில்லாமல் விவரிக்கிறார். பொற்கொல்லன் களவு சாஸ்திரம் முழுவதையும் எடுத்துச் சொல்லி அவர்களுடைய சந்தேகத்தைக் கரைக்கப் பார்க்கிறான். ஒரு காவலன் தனக்குத் தெரிந்த திருட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறான். ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டே இருக்கையில் படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். முடிந்தது. உத்தரவிட்டவர் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் தயங்கினார்கள், தயங்காதவன் யோசிக்கத் தெரியாதவன், லாபம் அடைந்தவன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான். இத்தனை நூற்றாண்டுகளுக்கு அப்புறமும் ஓர் அதிகாரத் துஷ்பிரயோகத்தின் அங்கங்கள் இந்த நான்குதாம். முந்த்ரா யார், மந்திரி யார், கார்ப்பரேஷனில் மௌனமாக இருந்த அதிகாரிகள் யார் என்று நான் பெயர் பொருத்திக் காட்டவேண்டியதில்லை.

பாண்டியனுக்கும் தெரியாதுதான். ஆனால் கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது அவர், "காவலர் அவசரப்பட்டுவிட்டார்கள், விசாரணைக்கு உத்தரவிடுகிறேன்" என்று சொல்லவில்லை. பொற்கொல்லனை இழுத்து வரச் சொல்லவும் இல்லை. அவன் பெயரைச் சொல்லித் தப்பலாம் என்கிற எண்ணமே அந்த நிமிஷத்தில் அவருக்கு வரவில்லை போலும். (அவருக்குப் பின் வந்த வெற்றிவேற்செழியன் கொற்கையில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்றும் அதே காவியம் சொல்கிறது. ஒருவன் செய்த பாவத்துக்கு ஒரு ஜாதியையே பலி கொடுத்த அந்தப் பரிகாரத்தை நம் மேடைகள் மறந்தும் பேசுவதில்லை.)

நான் இப்படிச் சொன்னபோது வக்கீல் தொழில் பார்க்கும் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "செய்யாத காரியத்துக்கு ஒருவனைப் பொறுப்பாக்குவது காட்டுமிராண்டி நியாயம். கை எது என்று பார்த்துத்தான் சட்டம் பிடிக்கும். மேலே இருக்கிறார் என்பதற்காகவே பிடிப்பதானால், கடைசியில் ராஷ்டிரபதியைத் தவிர யாருக்கும் தண்டனை கிடைக்காது" என்றார்.

அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஜெயிலுக்கு அனுப்புவதற்குக் கை எதுவென்று பார்க்கத்தான் வேண்டும். முந்த்ரா ஜெயிலுக்குப் போனார். நான் பேசுவது ஜெயிலைப் பற்றி அன்று. நாற்காலியைப் பற்றி. சென்னை மவுண்ட் ரோடில் அதே ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷனின் 14 மாடிக் கட்டிடம் இருக்கிறதே, அதை 1959-இல் திறந்து வைத்தவர் அப்போதைய நிதி மந்திரி மொரார்ஜி தேசாய். அவர் ஒரு செங்கல் சுமந்தாரா? ஒரு கம்பி வளைத்தாரா? "எத்தனை மூட்டை சிமெண்டு செலவாயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று யாராவது கேட்டார்களா? அணைக்கட்டில், பாலத்தில், ஆஸ்பத்திரி வாசலில் கல் நாட்டிப் பெயர் பொறிக்கும்போது நாம் கை எதுவென்று தேடுவதில்லை. அந்த நாற்காலியின் கீழ் நடந்தது என்பதே போதுமானதாக இருக்கிறது. மாலை வருகையில் நாற்காலிக்கு வருகிறது. பழி வருகையில் மட்டும் கையைத் தேடிக்கொண்டு குமாஸ்தாவிடம் போகிறது. இது என்ன கணக்கு என்று கேட்டேன். "கணக்கு அல்ல, நடைமுறை" என்றார் நண்பர். அவர் நேர்மையான மனிதர்.

சாக்ளாவின் அறிக்கையும் ஏறக்குறைய இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. காரியதரிசி செய்ததற்கு மந்திரியே அரசியலமைப்பு முறைப்படிப் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது என்றார் அவர். இதில் ஒரு விசித்திரம். 1948-இல் அரசியலமைப்பை எழுதிய வரைவுக் கமிட்டியில் ஓர் இடம் காலியானபோது அதில் அமர்ந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. மந்திரிசபை மக்கள் சபைக்குப் பொறுப்பு என்கிற ஷரத்து அவர் கண்முன்னே எழுதப்பட்டது. அந்தப் பொறுப்பு என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பத்து வருஷம் கழித்து அவருக்கே பம்பாயில் விளக்கவேண்டி வந்தது. 1958 பிப்ரவரியில் அவர் ராஜினாமாச் செய்தார். கமிஷனின் முடிவை மனமார ஏற்றுக்கொண்டு போனார் என்று சொல்ல முடியாது. நேருவும் அவரிடம் வைத்த நம்பிக்கையை விடவில்லை.

இதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன்னால் இன்னொரு ராஜினாமா நடந்தது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை, அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அந்தப் பாலத்தின் தூண் எந்த நிலையில் இருந்தது என்பது டில்லியில் உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. "தெரியாது" என்று சொல்ல உலகத்தில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அவருக்கு உண்டு. அவர் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். அதே வருஷம் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதும் கொடுத்திருந்தார். நேரு அப்போது ஏற்கவில்லை. இம்முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி தவறு செய்தவர் என்பதால் அன்று, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாகச் சொன்னார்.

ராஜினாமா என்பதை ஒரு புண்ணியத் தீர்த்தமாக நான் கருதவில்லை. அரியலூரில் செத்தவர்கள் சாஸ்திரியின் கடிதத்தால் எழுந்து வரவில்லை. பிற்காலத்தில் ராஜினாமா ஒரு தந்திரமாகவே ஆகிவிட்டது. ஒருவர் விலகியவுடன் விவகாரத்தின் மேல் துப்பட்டியைப் போர்த்திவிடுகிறார்கள், கூட்டம் கலைகிறது, சில மாதம் கழித்து அவர் வேறு இலாகாவில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அந்த இரண்டு ராஜினாமாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஒருவர், தன் கை படாத காரியத்துக்காகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். மற்றவரை நாடு ஒரு கமிஷன் வைத்துக் கேட்கவேண்டியிருந்தது. அப்போதும் அவர் தம் கை சுத்தம் என்றே காட்டிக்கொண்டிருந்தார். கை சுத்தமாகவே இருந்திருக்கலாம். யாரும் அதைக் கேட்கவில்லையே.

டி.டி.கே.யிடம் எனக்குக் காழ்ப்பு ஒன்றும் இல்லை. அவருடைய திறமையைச் சந்தேகித்தவர்கள் குறைவு. சென்னையில் மௌபரீஸ் ரோடு என்று இருந்த சாலைக்கு இன்று அவர் பெயர். அது தகாது என்று நான் சொல்லமாட்டேன். 1962-இல் நேரு அவரை மறுபடியும் மந்திரிசபைக்கு அழைத்துக்கொண்டார். பிறகு நிதி மந்திரியாகவும் ஆனார். 1965-இல் வேறு புகார்கள் வந்தன. குமாரர்களின் வியாபாரத்தைப் பற்றியவை. இந்தத் தடவை பிரதம மந்திரி நேரு அல்ல, அரியலூருக்காக விலகிய அதே சாஸ்திரி. விசாரணை ஏதுமின்றித் தாம் குற்றமற்றவர் என்று பிரதமர் அறிவித்துவிட வேண்டும் என்பது மந்திரியின் எதிர்பார்ப்பு. பிரதம நீதிபதியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்பது சாஸ்திரியின் எண்ணம். டிசம்பர் 31-ஆம் தேதி டி.டி.கே. விலகினார். அதற்குப் பதினோராம் நாள் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார்.

பட்டேலின் கதை வேறு விதமாகப் போயிற்று. உத்தியோகத்தை விட்டு வெளியேறி, குஜராத்தில் கல்வி ஸ்தாபனங்களை வளர்த்தார், அரசியலுக்கும் வந்தார். 1977-இல் ஜனதா சர்க்கார் அமைந்தபோது அவரே நிதி மந்திரியானார். எந்த நாற்காலியின் தலையசைப்பை நம்பிக் காரியம் செய்தேன் என்று சாட்சிக் கூண்டில் சொன்னாரோ, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தம் காரியதரிசிகள் வந்து பேசும்போது அவர் தலையசைத்தாரா, அல்லது எழுதிக் கொண்டுவரச் சொன்னாரா என்று எனக்குக் கேட்க ஆசை. ஒரு நாவல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கவேண்டும்.

டி.டி.கே. 1974-இல் இறந்தார். பட்டேல் 1993-இல் இறந்தார். 1957 ஜூனில் அவர்கள் இருவருக்கும் நடுவே என்ன சொல்லப்பட்டது, அல்லது சொல்லப்படாமல் விடப்பட்டது என்பது எந்த ஃபைலிலும் இல்லை. அந்த மாதமும் வழக்கம்போல ஏதோ ஓர் ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சம்பளம் வாங்கிய அன்றே, மளிகைக் கடன் தீர்க்கும் முன்பே, பிரீமியத்தைக் கட்டி ரசீது வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்திருப்பார்.